வாலைக் கண்டால் மட்டும்

அவரை முதன்முதலாகக் கண்ட அன்று அவர் தண்ணீரில் இறங்கிச் சாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் இரண்டு மணி வரைக்கும் வேலை இல்லை. வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த வருசம் வீட்டில் ஒருவரும் இல்லை. மனைவி பிரிந்து போய் ஏழு மாதமாகியிருந்தது. ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியே குந்தியிருப்பதைவிட ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறப்பது எனக்கு எவ்வளவோ மேலாக இருந்தது. ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, புல்லும் நாணலும் மண்டிய ஒரு சின்னக் குடா அது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் அளவு தண்ணீர்தான்.

மே மாதத்தில் ஒரு காலை, அறுபது வயது மதிக்கத்தக்க நம் தமிழ் ஆள் ஒருவர் அந்தத் தண்ணீருக்குள் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அசையவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரேயொரு அடி முன்னே வைத்தார். மறுபடியும் நின்றார். நான் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மனிதன் ஏரிக்குள் அடி அடியாகப் போவதற்கு வேறு என்ன காரணம் இருக்கும்? அந்த நாட்களில் எனக்கே அப்படியான யோசனைகள் வந்து போய்க்கொண்டிருந்தபடியால் வேறு காரணம் தோன்றவில்லை. வேலைச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்து ஓடி அவருடைய கையைப் பிடித்து, “அண்ணை வேண்டாம், வாங்கோ, கரைக்கு வாங்கோ” என்று இழுத்தேன்.

அவருக்கு முன்னால் இருந்த புல்லுக்குள்ளிருந்து ஏதோ பெரிய சாமான் ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு ஓடியது. அவர் அது போன திசையைப் பார்த்தார். பிறகு என்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். அப்போதுதான் மற்றக் கையில் அவர் தாழ்த்திப் பிடித்திருந்த தூண்டில் தடியைக் கண்டேன்.

“தம்பி, அந்த மீனுக்குக் கிட்டப் போக எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது” என்றார். கோபம் இல்லை. “நான் சாகப் போறன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்தேன் என்றேன்.

“அப்ப நினைச்சனீர். காணேல்லை.”

இவ்வளவுதான் அவர். பிறகு ஐந்து வருசம் அவரோடு பழகி நான் அறிந்துகொண்டதெல்லாம் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அவர் பிடித்தது கார்ப் மீன். கொழுத்த, மண்ணிறமான, ஒருவருக்கும் வேண்டாத மீன். கோடை தொடங்கும்போது அவை ஆழத்தை விட்டுப் புல்தரைக்கு மேய வரும். தலையைச் சேற்றில் குத்திக் கிளறும்போது உடம்பு சரிந்து, வாலின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே எழும்பி மெல்ல அசையும். அந்த வாலைக் கண்ட பிறகுதான் அவர் எறிவார். அதுவும் புழுவோ சோளமோ இல்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றித் தானே கட்டிய, பார்ப்பதற்குச் சின்ன நண்டு போன்ற ஒரு பொய்ப் பூச்சி. அதை மீனின் வாய்க்கு ஒரு அடி முன்னால், சத்தமில்லாமல் வைக்க வேண்டும். அதற்குப் பெரிய தடியும் கனத்த நூலும் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுகிற ஒரு வித்தையும் இருக்கிறது. இதையெல்லாம் அவருக்குப் பழக்கினது அவர் வேலை செய்த தொழிற்சாலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். அந்த மனிதர் ஒவ்வொரு குளிர்காலமும் ஃபுளோரிடாவுக்குப் போய் உப்புத் தண்ணீர்ப் புல்தரையில் செந்நிற மீன் வகை ஒன்றை இப்படித்தான் பிடிப்பாராம். செம்புத் தகடு மாதிரியான வால்களாம், பத்துப் பதினைந்து ஒன்றாக எழும்புமாம். நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். அது அவர் கண்டது, எனக்கு இது போதும் என்றார்.

பிடித்த மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கொக்கியைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தடவிக் கொடுத்து விட்டுவிடுவார். ஸ்காபரோவை ஒட்டிய மில்லிக்கனில் அவருடைய அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் தனியாகத்தான் இருந்தார். கலியாணம் செய்யவில்லை. அந்த அக்கா என்னைக் காணும்போதெல்லாம், விடுகிறதுக்கு ஏன் தம்பி பிடிப்பான் என்று கேட்பா. எனக்கும் முதல் ஒரு வருசம் அந்தக் கேள்வி இருந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு வேலை, கார்ச் சாமான்களைப் பார்த்துச் சரி பிழை சொல்வது. ஒரு பெட்டியில் இருநூறு துண்டு இருந்தால் இருநூறையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பாராம். மேலே உள்ள பத்தைப் பார்த்தால் போதும் என்று மனேஜர் சொல்லிப் பார்த்தாராம். மற்ற நூற்றித் தொண்ணூறையும் பார்த்தவர் கையெழுத்து வைக்கட்டும் என்றாராம் இவர். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஏன் உங்களுக்கு ஒருநாளும் பதவி உயர்வு வரவில்லை என்று நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னது.

மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மூலையில் ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்கிற கடை ஒன்று உண்டு. ஞாயிறு காலைகளில் அங்கே ஊர்க்கதை களைகட்டும். இவர் உள்ளே வந்தால் “நீதவான் வாறார்” என்று யாராவது மெல்லச் சொல்வார்கள், கதை அமர்ந்துவிடும். ஏனென்றால் எந்தக் கதைக்கும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: “நீர் கண்டனீரே?” இன்னாருடைய மகள் ஓடிப்போய்விட்டாளாம். நீர் கண்டனீரே? இன்னார் இரண்டாவது வீடும் வாங்கிவிட்டாராம். நீர் கண்டனீரே? கொஞ்ச நாளில் அவருடைய மேசைக்குப் பக்கத்துக் கதிரைகள் தானாகவே காலியாகின. அவர் தனியே பால் விடாத ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார்.

ஒருநாள் நான் அந்தக் கடைக்குள் நுழையும்போது என்னைப் பற்றியே கதை நடந்துகொண்டிருந்தது. நான் நிற்பது தெரியாமல் ஒருவர், அவன் மனுசிக்கு அடிக்கிறவன், அதுதான் அவள் விட்டிட்டுப் போனவள், ஊருக்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மூலையில் இருந்து அவருடைய குரல் வந்தது.

“அவர் அடிச்சதை நீர் கண்டனீரே?”

சொன்னவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

“காணேல்லை எண்டால் உந்தக் கதையை இஞ்சை வைக்காதையும்.”

அதன் பிறகு அந்தக் கடையில் என் காதுபட அந்தக் கதை எழும்பவில்லை. காரில் போகும்போது நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “நீர் அடிச்சிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது” என்றார். நான் அடித்ததில்லை, அதை அவரிடம் முன்பே சொல்லியுமிருந்தேன். ஆனால் அதைக்கூட அவர் என் சொல்லை நம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மனிதனோடு எப்படி ஒருவர் சிநேகிதம் வைத்திருப்பது என்று அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது. அடுத்த நாள் ஒன்பதே காலுக்கு ஏரிக்கரையில் நின்றேன்.

ஏன் அப்படி ஆனார் என்பது ஒரு மழை நாளில் தெரிந்தது. தண்ணீரில் இறங்க முடியாமல் என் காருக்குள் இருந்தோம். நான் கேட்காமலே சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவன். சண்டை முடிந்து மூன்றாம் மாதம் லண்டனில் இருந்து ஒரு பெண் போன் எடுத்து, உங்கட தம்பியை முகாமில் கண்டனான் என்றாளாம். போனார். அப்படி ஒருவரும் அங்கே இல்லை. அடுத்த வருசம், திருச்சி பஸ் நிலையத்தில் தாடியோடு கண்டதாக ஒருவர் சொன்னார். போனார். ஒன்பது நாள் அந்த பஸ் நிலையத்திலேயே இருந்தாராம். மூன்றாவதாக, இங்கேயே ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் ஒருவன், தானும் தம்பியும் இலங்கையில் ஒரே சிறையில் இருந்ததாகப் பிள்ளையின் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னான். அதற்கும் போனார். திரும்பி வந்து அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது அவன் அழுதானாம். உங்களைப் பார்க்கப் பாவமாய் இருந்தது அண்ணை, அதுதான் சொன்னனான் என்றானாம்.

அக்கா ஒரு திகதி வைத்துத் தம்பிக்குச் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்துவிட்டா. வீட்டு முன் ஹோலில் அவனுடைய படம் மாலையோடு தொங்கியது. அதனால்தான் இவர் முன் வாசலால் போவதில்லை. பக்கவாட்டுக் கதவால் நேரே கீழே இறங்கிவிடுவார். செத்துப்போனான் என்றும் சொல்லமாட்டார், இருக்கிறான் என்றும் சொல்லமாட்டார். நான் காணேல்லை என்பார், அவ்வளவுதான்.

மழை விட்ட பிறகும் நாங்கள் காரை விட்டு இறங்கவில்லை. அன்றைக்குப் பிறகு எனக்கு அவருடைய மீன்பிடியும் விளங்கியது. மிதவையைப் போட்டுவிட்டுக் கீழே ஏதோ இருக்கும் என்று நம்பிக் காத்திருப்பதற்கு அந்த மனிதரால் இனி ஏலாது.

நாலாம் வருசம் அவருடைய எறிதல் பிசகத் தொடங்கியது. ஒருநாள் நீரில் கிடந்த மரக்கட்டைக்கு மிகவும் கவனமாக மூன்று தடவை எறிந்தார். அது கட்டை அண்ணை என்று நான் கரையில் இருந்து சொன்னேன். தடியை மடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்பினார். கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும் நிற்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

“உம்மடை ரெண்டு காதும் தெரியுது. முகம்தான் இல்லை” என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு என் சோற்றுப் பெட்டியை மூடினேன்.

அந்த முழுக் குளிர்காலமும் அவர் மீனைப் பற்றிக் கதைக்கவில்லை. மே மாதம் வந்ததும் அவரே போன் எடுத்தார். என்னைத் தன்னோடு தண்ணீருக்குள் இறங்கச் சொன்னார். பக்கத்தில் நின்று, மணிக்கூட்டு முகத்தை மனதில் வைத்துத் திசையும் தூரமும் சொல்ல வேண்டும். நேரே முன்னால் பன்னிரண்டு மணி, இடக்கைப் பக்கம் ஒன்பது மணி.

“நீர் சொல்லும். நான் எறியிறன்.”

காணாத மீனுக்கு எறியமாட்டீர்களே என்றேன்.

“நீர் காணுவீர்தானே. இந்த அஞ்சு வருசத்திலை இல்லாத ஒண்டை நீர் எனக்குச் சொல்லேல்லை.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான். பஸ் ஓட்டுகிற லைசென்ஸைத் தவிர.

அந்த மே மாதத்தில் நாங்கள் இரண்டு பேருமாக ஒரு மீன் பிடித்தோம். பதினொரு மணி, நாற்பது அடி, தலை வலப்பக்கம் என்றேன். நூல் தலைக்கு மேலே இரண்டு தடவை போய் வந்து இறங்கியது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை, இப்ப வாயைத் திறக்குது அண்ணை, இழுங்கோ என்றேன். அரை மணித்தியாலம் அது எங்களை அந்தக் குடா முழுக்க இழுத்துத் திரிந்தது. கைக்கு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகை வாலில் இருந்து தலை வரைக்கும் தடவினார். விட்ட பிறகும் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

பிறகு கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. அந்தக் காற்று அடித்தால் ஏரியின் அடிக்குளிர் கரைக்கு ஏறிவிடும். மீன் ஆழத்துக்கு ஓடிவிடும். மூன்று கிழமை ஒரு வாலும் இல்லை. ஜூன் முடியப் போகிறது. பள்ளிக்கூடம் மூடினால் எனக்குப் பகல் முழுக்க வேறு ஓட்டம். அவருக்குப் பார்வையின் ஓரமும் மங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வருசம் தண்ணீரில் இறங்குவது சரிவராது என்று அவரே சொல்லியிருந்தார். அந்தக் கடைசிக் கிழமையில் ஒரு காலை, இரண்டு மணித்தியாலம் நின்றோம். குளிரில் அவருடைய தாடை நடுங்கியது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும், ஏதும் தெரியுதோ என்று கேட்டார். இல்லை அண்ணை, இல்லை அண்ணை என்று எத்தனை தடவைதான் சொல்வது? தாழ்த்திய தடியோடு, எந்தப் பக்கம் பார்ப்பது என்றும் தெரியாமல் நின்ற அவரைப் பார்க்க என் நெஞ்சு தாங்கவில்லை.

“பத்து மணி அண்ணை. முப்பத்தைஞ்சு அடி. வால் எழும்புது” என்றேன்.

அவர் உடம்பு நிமிர்ந்தது. உடனே எறியவில்லை. முகத்தை என் பக்கமாகத் திருப்பினார்.

“கண்டனீரே?”

“ஓம் அண்ணை. கண்டனான்.”

எறிந்தார். அவ்வளவு வடிவாக அவர் எறிந்து நான் கண்டதில்லை. வெறும் தண்ணீரில் பூச்சி இறகு விழுவதுபோல இறங்கியது. கொஞ்சம் இடது என்றேன். மறுபடி எறிந்தார். இப்போது திரும்பிவிட்டது, வலது என்றேன். இருபது நிமிடம் இல்லாத மீன் ஒன்றை அந்தக் குடாவில் மேய்த்தேன். அவருடைய நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் இரத்தக் களை ஏறியது. நல்ல காரியம் செய்கிறேன் என்று நான் மனதாரச் சந்தோசப்பட்டேன். பிறகு, போய்விட்டது அண்ணை, ஆழத்துக்குப் போய்விட்டது என்று கதையை முடித்தேன்.

அவர் கரைக்குத் திரும்பவில்லை. பத்து மணித் திசையில், அடியை எண்ணிக்கொண்டு நடந்தார். அந்த இடத்துக்குப் போய் நின்று, குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சரித்து, மிச்சமிருந்த ஓரப் பார்வையால் தன் காலடியைப் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது. மேய்கிற கார்ப் சேற்றைக் கிளறாமல் மேயாது. அது நின்ற இடம் அரை மணித்தியாலத்துக்குக் கலங்கிக் கிடக்கும். ஐந்து வருசம் பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியாதா? தெரியும். பொய் சொல்லும்போது நினைவில் இல்லை.

“ஏன் சொன்னனீர்?” என்று கேட்டார்.

“உங்களைப் பாக்கப் பாவமாய் இருந்தது அண்ணை.”

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்த வார்த்தையை அவர் முன்பு யார் வாயிலிருந்து கேட்டிருந்தார் என்று எனக்கு உறைத்தது. அவர் தலையை ஆட்டினார். நூலைச் சுற்றி எடுத்தார். வழக்கமாகத் தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பவர், அன்று தடியால் தட்டித் தட்டித் தானே கரைக்குப் போனார். மில்லிக்கனுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், கொண்டுவந்து விட்டதுக்கு நன்றி தம்பி என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு பக்கக் கதவால் போனார். அவர் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

பிறகு போன் எடுத்தால் அக்காதான் பேசினா. அவன் படுத்திருக்கிறான், இப்ப வெளியாலை போறேல்லை என்றா. இரண்டு தடவை நேரே போனேன். இரண்டு தடவையும் அக்கா தேத்தண்ணி தந்து அனுப்பினா.

அடுத்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தனியே கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக மெல்லிய தெற்குக் காற்று. தண்ணீர் சூடாகியிருந்தது. முதலில் ஒரு வால் எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. சோற்றை வைத்துவிட்டு எழும்பி நின்று எண்ணினேன். பதினொன்று. இத்தனையை ஒன்றாக அந்தக் குடாவில் நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. வெயிலில் அவை பொன்னிறமாக நின்று ஆடின. உடனே அவருக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு அவரே எடுத்தார்.

“அண்ணை, மீன் வந்திருக்கு. பதினொண்டு. எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு நிக்குது. நான் இப்பவே வந்து ஏத்திறன், வாறீங்களே?”

கண்டனீரே என்று அவர் கேட்பார் எனக் காத்திருந்தேன். எத்தனையோ பேரிடம் கேட்டவர், என்னிடமும் கேட்பார், இந்தத் தடவை நான் ஓம் என்று சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

“நல்லது தம்பி” என்றார். “நீர் இருந்து பாரும்.”

போன் வைக்கப்பட்டது.

படம் எடுத்து அனுப்பலாம். அவரால் பார்க்க முடியாது. வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம். கரையில் யாரும் இல்லை. அவரிடம் பொய் சொன்ன அன்று எனக்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை. உண்மையைச் சொன்ன அன்றுதான் வந்தது. ஒன்றரை மணிக்கு நான் பஸ்ஸை எடுக்கப் போக வேண்டும். கார்க் கதவைத் திறந்துகொண்டு கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தபோதும் அந்தப் பதினொன்றும் அங்கேயே நின்று மேய்ந்துகொண்டிருந்தன.